பெயர் மாறியும் மாறாத பெயருக்கு என்ன சொல்?

பிறையிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். கிடங்குக் கிராணிகளுக்கான (எழுத்தர்களுக்கான) தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கடைசிப் பக்கத்துச் சொற்பட்டியலில் மூன்று பத்திகள்: இப்போதைய பெயர், விளக்கம், நடுவே தலைப்பில்லாமல் ஒன்று. அந்த நடுப்பத்தியில் ‘ஏஎஸ்/400’ வருகிறது. கிடங்கின் சரக்குக் கணக்கு ஓடும் கணினிக்கு ஐபிஎம் 1988-இல் வைத்த பெயர். பிறகு 2000-இல் ஐசீரீஸ், 2004-இல் ஐ5, 2006-இல் சிஸ்டம் ஐ, 2008-இல் ஐபிஎம் ஐ என்று எட்டே ஆண்டில் நான்கு முறை மாற்றிவிட்டார்கள். கிடங்கில் இன்றைக்கும் “ஏஎஸ்400-ல பாரு” என்றுதான் பேச்சு. வைத்தவர்களே கைவிட்ட பிறகும் புழங்குகிற இப்படிப்பட்ட பெயரை என்னவென்று சொல்வது? ‘மாற்றுப்பெயர்’ வேண்டாம், அது கட்டளைக்கு வைக்கும் சுருக்கப் பெயருக்குப் போய்விட்டது.

செந்தூலிலிருந்து:
எச்சப்பெயர். எஞ்சியது எச்சம். வேறு தேட வேண்டியதில்லை.

ஆயர் ஈத்தாமிலிருந்து:
ஐயா, வகுப்பில் இது நிற்காது. பெயரெச்சம், வினையெச்சம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் எச்சப்பெயர் என்றால் இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வான். பறவை எச்சமும் எச்சிலும்தான் அவனுக்கு முதலில் நினைவுக்கு வரும்.

செந்தூலிலிருந்து:
எச்சில் என்பதற்காக ஒதுக்க வேண்டாம், டீச்சர். அதை உச்சிஷ்டம் என்ற வடசொல்லின் சிதைவு என்பவர்கள் உண்டு. கன்னடத்தில் எஞ்சலு, தெலுங்கில் எங்கிலி. இரண்டிலும் மெல்லினம் அப்படியே இருக்கிறது. எஞ்சு என்ற அடியிலிருந்து வந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வள்ளுவரும் ‘அவரவர் எச்சத்தாற் காணப்படும்’ என்கிறார். ஒருவன் விட்டுச்சென்றது எச்சம். பழைய நிர்வாகம் விட்டுச்சென்ற பெயரும் எச்சமே.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து:
வேர் சரி ஐயா, பொருள் சரியா என்று பார்ப்போம். எஞ்சியது என்றால் மிச்சம். ஏஎஸ்/400 மிச்சம் இல்லை, அதுதான் முழுமை. அந்தப் பெயர் இயந்திரத்தையும் அதனுள் இருக்கும் இயங்குதளத்தையும் தரவுத்தளத்தையும் சேர்த்துச் சுட்டியது. இன்று ஐபிஎம் ஐ என்பது இயங்குதளம் மட்டும், இயந்திரத்துக்குப் பவர் என்று தனிப்பெயர். கிராணி கைகாட்டுவது பச்சை எழுத்துத் திரை, பெட்டி, சரக்குக் கணக்கு எல்லாம் சேர்ந்த ஒன்றை. அந்த மொத்தத்துக்குப் புதிய பெயர் யாரும் வைக்கவே இல்லை. பழசு போகாததற்கு முதல் காரணம் இது.

அடுத்தது தேடல். ‘ஐ’ என்ற ஒற்றை எழுத்தைத் தேடுபொறியில் போட்டு ஒரு பிழைச் செய்திக்கு விடை கண்டுபிடிக்க முடியாது. ஏஎஸ்400 என்று போட்டால் உடனே கிடைக்கும். அதனால் வேலை விளம்பரத்திலும் அதே பெயர்தான்.

மூன்றாவது காரணம், பெயர் நிரலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஜாவா நிரலிலிருந்து தரவுத்தளத்தை இணைக்கும் முகவரியில் ஜேடிபிசி (ஜாவாவின் தரவுத்தள இணைப்பு முறை) என்பதற்கு அடுத்த சொல் இன்றும் ஏஎஸ்400. கையேட்டில் ‘அனைத்தையும் மாற்று’ கொடுத்து அந்த வரியிலும் ஐபிஎம் ஐ என்று ஆக்கிவிட்டால், ‘பொருத்தமான டிரைவர் (இணைப்பு மென்பொருள்) இல்லை’ என்று சொல்லி இணைப்பு நின்றுவிடும். மைக்ரோசாஃப்டின் அலுவலக உரையாடல் செயலி லிங்க் 2015-இல் ஸ்கைப் ஃபார் பிசினஸ் ஆன பிறகும் அதன் நிரல்கோப்பின் பெயர் லிங்க்தான். நிரல்களைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் ஹட்சன் என்ற கருவி 2011-இல் ஜென்கின்ஸ் ஆனது, உள்ளே வகுப்புகளின் பெயர்களில் ஹட்சன் இன்னும் இருக்கிறது. ஆகவே வாயில் புழங்குவது ஒன்று, நிரலில் பதிந்தது ஒன்று. முன்னதை மாற்றி எழுதலாம், பின்னதைத் தொடவே கூடாது. இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும் என்பது என் வாதம். பின்னதற்குப் பதிபெயர்.

பட்டர்வொர்த்திலிருந்து:
மரூஉப்பெயர் என்று சொல்லலாமே? தஞ்சாவூர் தஞ்சை ஆன மாதிரி.

ஆயர் ஈத்தாமிலிருந்து:
மரூஉவில் ஒலி தேய்ந்து சொல் மாறும். இங்கே சொல் மாறவில்லை, மாறாததுதான் சிக்கலே. கிரீன் லேன் எப்போதோ ஜாலான் மஸ்ஜித் நெகிரி ஆகிவிட்டது. பினாங்கில் டாக்சிக்காரரிடம் இன்றும் கிரீன் லேன் என்றுதான் சொல்கிறோம். இதில் எது மருவியது?

பட்டர்வொர்த்திலிருந்து:
ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் தங்குப்பெயர்.

செந்தூலிலிருந்து:
தம்பி, தங்குபெயர். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. தங்கிய, தங்குகின்ற, தங்கும் பெயர் என்று மூன்று காலமும் உள்ளே அடங்கிவிடுகிறது. எச்சப்பெயருக்கு அடுத்ததாக இதை ஏற்பேன்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து:
வினைத்தொகை என்றால் புழங்குபெயர் இன்னும் தெளிவு. தங்கு என்றதும் கிராணிக்கு விடுதிதான் தோன்றும்.

ஆயர் ஈத்தாமிலிருந்து:
புதுப்பெயரும் ஒருநாள் புழங்கும். பழமை என்ற குறிப்பே அதில் இல்லையே.

செந்தூலிலிருந்து:
பழமை என்ற குறிப்பு எதற்கு? ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்று தொல்காப்பியர் சொல்லிவிட்டார். காலம் ஏற்றுக்கொண்ட சொல்லைத் தள்ளக்கூடாது என்றால், அதற்குப் பழசு என்று முத்திரை குத்துவதும் தள்ளுவதுதான்.

பிறையிலிருந்து:
ஐயா, டீச்சர், எல்லாருக்கும் நன்றி. இன்று புதன். இங்கே எழுதாத வேறு மூவர் ‘பழைய பெயர்’ என்றே போட்டுவிடச் சொல்லித் தனிமடல் அனுப்பியிருக்கிறார்கள். கிராணிக்கு விளக்கம் இல்லாமல் புரியும் என்பதால் பத்தித் தலைப்பு ‘பழைய பெயர்’, கீழே சிறிய எழுத்தில் ‘இன்றும் புழங்குவது’. இணைப்பு முகவரி வரும் பக்கத்தில் ‘இந்த வரியை மாற்ற வேண்டாம்’ என்று கட்டம் போடுகிறேன். பதிபெயர் என்ற சொல் அங்கே ஒருமுறை வரும்.

செந்தூலிலிருந்து:
கையேட்டுக்கு அது போதும். ஆனால் ‘பழைய பெயர்’ கலைச்சொல் ஆகாது. ஐசீரீஸும் பழைய பெயர்தானே, அதை யாரும் சொல்வதில்லை. ஒரே பத்தியில் இரண்டையும் போட்டால் எது வாயில் இருக்கிறது, எது செத்துப்போனது என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? அடுத்த பதிப்புக்குத் தங்குபெயரை எடுத்து வையுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து:
ஐசீரீஸ் பற்றி ஐயா சொன்னது உண்மை. அதை நடுப்பத்தியில் சேர்க்காதீர்கள், விளக்கத்தில் ஆண்டோடு போடுங்கள். புழங்குபெயரை நான் இன்னும் விடவில்லை.