டீக்கும் கொத்தமல்லிக்கும் கிரெடிட் கார்டா? கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் நீங்கல்லாம் எப்படி பண்றீங்க?

ரவுண்டானா_நைட்ஷிப்ட்:
வணக்கம் மக்களே, வேலை ஓசூர் சிப்காட்ல, வீடு கிருஷ்ணகிரி. நாலு மாசம் முன்னாடி மொத தடவையா கிரெடிட் கார்டு வாங்குனேன், ரூபே கார்டு, போன்ல யூபிஐயோட சேத்தாச்சு. கூட வேலை செய்ற பையன் "டீ, பஜ்ஜி, காய்கறி எல்லாத்தையும் கார்டுலயே போடு மச்சி, காசு அக்கவுண்ட்லயே கிடக்கும், பாயிண்டும் ஏறும்"னான். சரின்னு போட்டேன். முன்னெல்லாம் சம்பளம் வந்ததும் ஏடிஎம்ல 5000 எடுத்து பர்ஸ்ல வச்சிக்குவேன், சில்லறை செலவெல்லாம் அதுல தான், இருவத்தஞ்சு தேதிக்கு மேல பர்ஸ் மெலிஞ்சா கை தானா அடங்கிடும். இப்ப ஸ்டேட்மெண்ட பாத்தா சில்லறை மட்டும் 8300! பெருசா ஒன்னுமே வாங்கல, 15, 40, 20, 110னு ரெண்டு பக்கம் ஓடுது. எங்கம்மா அத பாத்துட்டு "பத்து ரூவா கொத்தமல்லிய கடன்ல வாங்குன மொத ஆளு நம்ம வம்சத்துலயே நீதான்டா"ன்னு சிரிக்குது. இத நிறுத்திட்டு பழையபடி கேஷுக்கே போயிடலாமா, இல்ல நான் தான் சரியா யூஸ் பண்ணத் தெரியாம இருக்கனா?

பாலக்கோடு_தக்காளி:
பாயிண்ட் கணக்க மொதல்ல போட்டு பாருங்க ப்ரோ. என் கார்டுல 150 ரூபாய்க்கு ஒரு பாயிண்ட், ஒரு பாயிண்டுக்கு 25 பைசா. மாசம் 6000 செலவு பண்ணா 40 பாயிண்ட், அதாவது 10 ரூபா. ஒரு டீ கூட வராது. அதுலயும் 15 ரூபா டீக்கு தனியா ஒன்னும் ஏறாது, 150 தொட்டா தான் கணக்கே. உங்க கார்டுக்கு வேற மாதிரி இருக்கலாம், ஆப்ல பாருங்க. பெட்ரோலும் அப்படித்தான், கார்டுல போட்டா மேல புடிக்கற கட்டணத்த (சர்சார்ஜ்) திரும்ப தர்றோம்னு சொல்லுவாங்க, ஆனா நிறைய கார்டுல 400 ரூபாய்க்கு மேல போட்டா தான். பைக்குக்கு 200க்கு போட்டுட்டு ஏன் வரலன்னு நானே ஒரு வருசம் முழிச்சிருக்கேன்.

மளிகை_தர்மபுரி:
கடைக்காரன் பக்கமும் கொஞ்சம் கேளுங்க தம்பி. மெஷின்ல கிரெடிட் கார்ட தேச்சா எங்களுக்கு ரெண்டு சதவீதம் பக்கம் புடிப்பாங்க. ஒரு கிலோ சக்கரைல ஒரு ரூபா நின்னாலே பெருசு, அதுல எங்க குடுக்கறது? அதனால தான் 300க்கு கீழ கார்டு வேணாம்னு சொல்றது, உங்க மேல கோவம் ஒன்னுமில்ல. நீங்க சொல்ற ரூபே கிரெடிட் கார்டு க்யூஆர்ல வர்றது பரவால்ல, 2000 வரைக்கும் சின்ன கடைக்கு கட்டணம் இல்லன்னு வச்சிருக்காங்க. ஆனா அது கடை பேர்ல எடுத்த க்யூஆரா இருக்கணும். சொந்த நம்பர் க்யூஆர ஒட்டி வச்சிருக்கற இடத்துல கிரெடிட் கார்டு போகாது, ஆளுக்கு ஆள் காசு அனுப்பறதுக்கு கிரெடிட் கார்ட அனுமதிக்கல. போச்சம்பள்ளி சந்தைல ஞாயித்துக்கிழமை சாக்கு விரிச்சு வெண்டக்கா விக்கற அம்மாகிட்ட கார்டுல தான் குடுப்பேன்னு நின்னீங்கன்னா பின்னாடி நிக்கறவங்க திட்டுவாங்க, அவ்ளோ தான்.
அப்புறம் கடன்ல வாங்கறது ஒன்னும் புதுசு இல்ல தம்பி. எங்க கடைல கடன் நோட்டு இன்னமும் ஓடுது, 14 குடும்பம். வட்டி கிடையாது, ஆனா 3000 தாண்டுனா நானே போன் பண்ணி "அக்கா இந்த மாசம் கொஞ்சம் ஏறிடுச்சு"ம்பேன். பேங்க் அப்படி கேக்காது, லிமிட்ட ஏத்தி விட்டுடும்.

சும்மா_ஒருத்தன்:
//லிமிட்ட ஏத்தி விட்டுடும்// 😂 அண்ணே செம

காவேரிப்பட்டணம்_நிப்பட்டு:
நான் பட்டது சொல்றேன், ரெண்டு வருசம் முன்னாடி இதே மாதிரி சின்ன சின்னதா போட்டு ஒரு மாசம் பில்லு 18,400 வந்துச்சு. மினிமம் டியூ, அதாவது இப்போதைக்கு கொறஞ்சது இவ்ளோ கட்டுனா போதும்ங்கற தொகை, 920ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க, அத கட்டிட்டு நிம்மதியா தூங்குனேன். மாசம் மூன்றரை சதவீதம் வட்டி, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, மிச்சம் இருந்த 17,480க்கு மட்டுமே 700 ரூபாய்க்கு மேல. 920 கட்டுனதுல அசல் குறைஞ்சது எரநூறு கூட இல்ல. இதுல இன்னொன்னு யாரும் சொல்லமாட்டாங்க, பாக்கி வச்சிட்டீங்கன்னா அந்த 45 நாள் வட்டியில்லாத சலுகை போயிடும், அடுத்து வாங்குற பால் பாக்கெட்டுக்கும் வாங்குன அன்னைல இருந்தே வட்டி. ஏழு மாசம் ஆச்சு வெளிய வர. உங்களுக்கு அந்த பிரச்சினை இல்லன்னா ஃபுல் அமவுண்டுக்கு ஆட்டோபே போட்டுடுங்க, மினிமம் டியூவுக்கு போட்டுடாதீங்க, நான் தெரியாம அததான் செலக்ட் பண்ணி வச்சிருந்தேன்.

பென்னாகரம்_பரிசல்:
எல்லாம் சரி, கையில ஒரு 500 ரூபா நோட்டாவும் சில்லறையாவும் இருக்கட்டும். போன மாசம் ஒகேனக்கல்ல மீன் வறுவல் வாங்கி தட்டு கைக்கு வந்துடுச்சு, எண்ணெ இன்னும் கொதிக்குது, போன்ல அந்த வட்டம் சுத்துது சுத்துது நிக்கவே இல்ல. நெட்வொர்க் இல்ல. கடைக்கார அக்கா "சாப்புடுப்பா, ஆறிடும், அப்புறம் பாத்துக்கலாம்"னாங்க, எனக்கு தான் தொண்டைல எறங்கல.

ரவுண்டானா_நைட்ஷிப்ட்:
எல்லாருக்கும் நன்றி. நிப்பட்டு அண்ணா சொன்னதும் போய் பாத்தேன், என்னோட ஆட்டோபேயும் மினிமம்ல தான் இருந்துச்சு, மாத்திட்டேன். இதுவரைக்கும் ஆட்டோபேக்கு முன்னாடியே நானே ஃபுல்லா கட்டிட்டு இருந்ததால தெரியல. மளிகை அண்ணா, உங்க நோட்டுல எனக்கு ஒரு பக்கம் கிடைக்குமா?
கேஷ் எடுக்க ஏடிஎம் வரைக்கும் போகணும்னா தான் சோம்பேறித்தனமா இருக்கு.

பாலக்கோடு_தக்காளி:
அதுக்கு யூபிஐ லைட் இருக்கே ப்ரோ. பேங்க் அக்கவுண்ட்ல இருந்து 5000 வரைக்கும் அதுல போட்டு வச்சிக்கலாம், 1000 வரைக்கும் பின் கேக்காது. வாரம் 1200 மட்டும் போடுங்க, தீந்தா தீந்தது தான், உங்க பழைய பர்ஸ் மாதிரியே. ஆட்டோ டாப்அப்ப மட்டும் ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா தானா ரொம்பிக்கிட்டே இருக்கும்.

மளிகை_தர்மபுரி:
பக்கம் இருக்கு தம்பி. ஆனா கிருஷ்ணகிரில இருந்து கொத்தமல்லிக்கு பஸ் ஏறி வருவியா?