ஏற்றுமதி அலுவலகத்துக்கு எந்த ஆங்கிலம்: சொற்பட்டியலா, ஒப்பந்தச் சொற்களா?

நூற்கண்டு:
திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில், ஆர்டர்களை வாங்குபவருடன் பேசி முடித்துத்தரும் மெர்ச்சண்டைசிங் பிரிவைக் கவனித்து வருகிறேன். புதிதாகச் சேரும் பட்டதாரிகளுக்கு அலுவலக ஆங்கிலம் கற்பிக்க வந்த பயிற்சியாளர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைப் பொருளுடன் அச்சிட்டுக் கொடுத்து, நாள்தோறும் ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார். இந்த முறையை நான் எதிர்க்கிறேன். அந்தப் பட்டியலில் ‘சினர்ஜி’யும் ‘லெவரேஜ்’ஜும் இருக்கின்றன, ஏற்றுமதி ஒப்பந்தங்களில் வரும் சுருக்கச் சொற்களான எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். ஆகியவை இல்லை.

பாரிசில் உள்ள பன்னாட்டு வணிகச் சபை 1936ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும், செலவும் பொறுப்பும் விற்பவருக்கா வாங்குபவருக்கா என்று சொல்லும் இன்கோடெர்ம்ஸ் விதிகளின் 2020 பதிப்பில் 11 சொற்கள்தாம் உள்ளன. அவற்றில் சி.ஐ.எஃப். என்பதை விலை, காப்பீடு, கப்பல் கட்டணம் என்று எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பொருள் சொல்லிவிடலாம். ஆனால் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகம் வரை செலவு நம்முடையது என்றாலும், தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றியவுடனேயே சரக்கின் இழப்புப் பொறுப்பு வாங்குபவருக்குப் போய்விடுகிறது என்பது அப்படிப் பிரிப்பதால் தெரியவராது. இது தெரியாதவர், சரக்கு வழியில் நனைந்துவிட்டது என்று பையர் எழுதினால், நம் பொறுப்பு என்று தாமாகவே ஒப்புக்கொண்டு பதில் அனுப்பிவிடுவார்.

கரும்பலகை:
கோவையில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பவள் என்ற முறையில் மறுக்கிறேன். ‘சினர்ஜி’யை நீக்க வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் பட்டியல் மோசமாக இருப்பதால் பட்டியல் வழியாகக் கற்பதே தவறு என்று முடிவுகட்டுவது சரியன்று. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றி, வங்க மாணவர்களின் வாசிப்புச் சிக்கலை நேரில் ஆராய்ந்த மைக்கேல் வெஸ்ட், 1953இல் ஏறத்தாழ 2000 சொற்கள் கொண்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலை வெளியிட்டார். அடிக்கடி வரும் சொற்களை முதலில் கற்றவருக்குப் புதிய பக்கம் ஒன்றைத் திறந்தவுடன் அதன் பெரும்பகுதி பழகியதாகத் தெரியும் என்பதே அதன் அடிப்படை.

தமிழ்வழியில் படித்துவிட்டு உங்கள் அலுவலகத்துக்கு வரும் பெண்ணுக்கு அந்த அடித்தளமே இல்லாதபோது, 11 விதிகளைச் சொல்லிக்கொடுத்து என்ன பயன்? அந்த விதிகளை விளக்கும் வாக்கியத்தையே அவரால் படிக்க முடியாதே.

துறைமுகம்:
தூத்துக்குடியில் சரக்கு அனுப்பும் ஆவணங்களைப் பார்க்கும் தொழில் எனக்கு. நூற்கண்டு அவர்களின் பக்கம் நின்று சிலவற்றைச் சேர்க்கிறேன்.

எல்.சி.யின் பேரில், அதாவது உரிய ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வங்கி அளிக்கும் உறுதிக்கடிதத்தின் பேரில், பணம் வரும் ஆர்டர்களில் வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, தாள்களைத்தான் பார்க்கிறது. அந்தத் தாள்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை எல்.சி.க்கென 2007 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டு விதிகளான யு.சி.பி. 600 விதிகள் சொல்கின்றன. எல்.சி.யில் அளவுக்கு முன்னால் ‘அபவுட்’ என்று இருந்தால், பத்து விழுக்காடு கூடவோ குறையவோ அனுப்பலாம். 10,000 பீஸ் என்பது 9,000 முதல் 11,000 வரை ஆகும். ஆனால் அந்தச் சலுகை, சொல் எதற்கு முன்னால் நிற்கிறதோ அதற்கு மட்டுமே உரியது. அளவுக்கு முன்னால் போட்டுவிட்டுத் தொகைக்கு முன்னால் போடாவிட்டால், கட்டிங்கில் கூடுதலாக வந்த பீஸ்களை அனுப்பலாமே தவிர, எல்.சி. தொகைக்கு மேல் அவற்றுக்குப் பணம் கேட்க இயலாது. ‘ஆன் ஆர் அபவுட்’ என்று தேதி குறித்திருந்தால், குறித்த நாளுக்கு ஐந்து நாள் முன்னும் ஐந்து நாள் பின்னும் கணக்கில் சேரும்.

அலுவலக ஆங்கிலப் பயிற்சிகளில் அவசரத்தைக் காட்டுவதற்காகச் சொல்லித்தரும் ‘பிராம்ப்ட்’, ‘இம்மீடியட்லி’, ‘ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்’ ஆகியவற்றை, ஆவணம் ஒன்றில் அவ்வாறே எழுத வேண்டும் என்று கேட்டிருந்தாலன்றி, பொருட்படுத்த வேண்டாம் என்று அதே விதிகள் கூறுகின்றன. தேதி தேவையென்றால் தேதியைத்தான் எழுத வேண்டும்.

கரும்பலகை:
நண்பர் துறைமுகம் எடுத்துக்காட்டிய ‘அபவுட்’, ‘ஆன்’ ஆகியவை பொதுப் பட்டியலின் தொடக்கத்திலேயே வரும் சொற்கள் அல்லவா? அப்படியானால் என் வாதத்துக்குத்தானே வலுச் சேர்த்திருக்கிறார்?

நூற்கண்டு:
இல்லை, அம்மா. பட்டியல் ‘அபவுட்’ என்ற சொல்லுக்கு ‘ஏறக்குறைய’ என்று ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது. பழகிய சொல் என்ற துணிச்சலில் படிப்பவர் அங்கே நிற்காமல் கடந்துவிடுவார். தெரியாத சொல்லாக இருந்திருந்தால் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடமாவது கேட்டிருப்பார். எனவே தெரிந்த சொல்லை மீண்டும் நிறுத்திப் படிக்க வைப்பதுதான் எங்கள் பயிற்சியின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ‘15ஆம் தேதி அனுப்புவோம்’ என்பதற்கும் ‘15ஆம் தேதிக்குள் அனுப்ப முயல்கிறோம்’ என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரு சில சொற்கள்தாம் வேறுபாடு. லேப் டிப், அதாவது சாய நிறத்தின் மாதிரித் துணி, இன்னும் அப்ரூவ் ஆகாத நிலையில் முதல் வாக்கியத்தை எழுதியவர், சாயப்பட்டறையில் துணி தாமதமானால் விமானக் கட்டணத்தையோ, நமக்கு வர வேண்டிய பணத்தில் பையர் பிடித்துக்கொள்ளும் டெபிட் நோட்டையோ நிறுவனத்தின் தலையில் ஏற்றிவிடுகிறார். மன்னிப்புக் கேட்பதும் அப்படியே. தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று எழுதுவதும், தவறு எங்களுடையது என்று எழுதுவதும் ஒன்றல்ல; மரியாதைக்காக இரண்டாவதை எழுதிய புதியவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கவனத்தை எந்தச் சொற்பட்டியலும் தராது.

கரும்பலகை:
இந்த எடுத்துக்காட்டுகளை ஏற்கிறேன். என் மாணவர்களுக்கும் இவற்றைச் சொல்வேன். ஆனால் நீங்கள் பேசுவதெல்லாம் மின்னஞ்சலைப் பற்றியே. மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாம். பையர் தொலைபேசியில் அழைத்து, துணியின் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டரின் கிராம் எடை) ஏன் குறைந்தது என்று கேட்கும்போது யாரிடம் காட்டுவது? அந்த நேரத்தில் வாய் திறக்க வைப்பவை ‘ஹெவி’, ‘லைட்’, ‘செக்’, ‘வெயிட்’ போன்ற மிக எளிய சொற்கள். அவை யோசிக்காமலே நாவில் வர வேண்டுமானால் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். பதில் தெரிந்தும் சொல் கிடைக்காமல் விழிக்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அறிவுக் குறைவு என்று மற்றவர்கள் அதை எடுத்துக்கொள்வதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

துறைமுகம்:
தொலைபேசியைப் பற்றி அம்மா சொல்வது உண்மை. அதற்குப் பட்டியல் உதவும் என்றே நானும் நினைக்கிறேன், ஆவணங்களுக்கு உதவாது என்றாலும்.

நூற்கண்டு:
பேச்சுக்கு எளிய சொற்களை வாய்விட்டுப் பழகுவதில் எனக்கும் தடையில்லை. ஆனால் நேரம் குறைவாக இருக்கும்போது எதை முதலில் வைப்பது என்பதில் நான் மாறவில்லை. வாங்குபவர் பெயரையும் விலையையும் அழித்துவிட்டு, பழைய மின்னஞ்சல்களையும் எல்.சி. நகல்களையும் பாடமாகக் கொடுக்கப் போகிறேன். உங்கள் 2000 சொற்களில் எவை அவற்றில் உண்மையாகவே வருகின்றன என்று எண்ணிப் பார்த்து, வருபவற்றை மட்டும் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்புகிறேன்.

கரும்பலகை:
வராதவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். அந்தப் பெண் என்றும் உங்கள் ஒரே நிறுவனத்தில் இருந்துவிடப் போவதில்லை.