மோட்டார்ஹோம் கட்டில்: சுவர்ப்பக்கச் சட்டம் பிய்ந்துவிட்டது, எப்படிப் பலப்படுத்துவது?

கரையோரம் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். வண்டி (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் மோட்டார்ஹோம்) பிரிட்டனில் பதிவானது, மொத்த எடை வரம்பு 3500 கிலோ. பின்பக்கம் நிரந்தரக் கட்டில், 190 செ.மீ. நீளம், 135 அகலம். தலைமாடு பின்சுவரில், ஒரு நீளப் பக்கம் வண்டியின் பக்கச்சுவரில், மறு பக்கம் 15 மி.மீ. ப்ளைவுட் பெட்டியின் மேல் உட்காருகிறது. கால்மாட்டைப் பிடித்துத் தூக்கினால் கேஸ் ஸ்ட்ரட் (உள்ளே அடைத்த வாயு அழுத்தத்தால் தள்ளும் தாங்குதண்டு) இரண்டும் தாங்கும். அடியில் சாமான் அறை.

உடைந்தது இரண்டு இடம். சுவரில் அடித்திருந்த 20×40 மி.மீ. பைன் சட்டம் நடுவில் ஒரு 60 செ.மீ. நீளத்துக்குச் சுவரை விட்டு வந்துவிட்டது. ஸ்ட்ரட் பிடிக்கும் இடத்தில் நீளவாக்கில் பிளந்தும் இருக்கிறது. மொத்த நீளத்துக்கும் ஐந்தே ஸ்க்ரூ. கழன்று வந்த ஸ்க்ரூ மரைகளில் மாவு மாதிரி மரத்தூள். இரண்டாவது, பெட்டிக்கும் சுவருக்கும் குறுக்கே படுக்கவைத்த 20×40 குறுக்குச் சட்டம், நடுவில் விரிசல்.

படுப்பவர்கள் இருவர், சேர்த்து 150 கிலோ. மெத்தை 18 கிலோ. ஸ்ட்ரட்டில் 600 நியூட்டன் என்று அச்சடித்திருக்கிறது. இன்னும் நீளமான ஸ்க்ரூ போட்டு அதே இடத்தில் இறுக்கினால் போதுமா? 18 மி.மீ. ப்ளைவுட் ஒன்றை மேலே முழுசாகப் போட்டுவிட்டால் பிரச்சினை தீருமா?


மூலைமட்டம்:

நீள ஸ்க்ரூ வேண்டாங்க. அந்தச் சுவர் கெட்டி மரம் கிடையாது. உள்பக்கம் 3 மி.மீ. ப்ளை, நடுவுல நுரை, வெளியில அலுமினியமோ ஃபைபரோ. ஸ்க்ரூ எவ்வளவு நீளமா இருந்தாலும் அதைப் பிடிக்கிறது அந்த 3 மி.மீ. தோல் மட்டும்தான், மீதி நுரைக்குள்ள சும்மா நிக்குது. அதிகமா நீட்டினா வெளித்தோல்ல புடைச்சு நிக்கும், இல்ல ஓட்டையே விழும். நீங்க சொன்ன மாவுத்தூள் இதுக்குத்தான் சாட்சி. ஸ்க்ரூ ஒரே நாள்ல பிடுங்கிட்டு வரலை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் துளையை அரைச்சு அரைச்சுப் பெருசாக்கியிருக்கு.

150 கிலோ இரண்டு பக்கமும் சமமாப் பிரியும்னு கணக்குப் போடாதீங்க. கட்டில் மேல ஏறும்போது ஒரு முழங்காலை ஊன்றுற நொடி இருக்கே, அப்போ ஒரு ஆளோட முழு எடையும் ஒரே சாண் நீளத்துல இறங்குது. அந்த எடை தரைக்குப் போகணும். சுவர் பாரம் சுமக்கக் கூடாது, சட்டம் சாயாம பிடிச்சுக்கிட்டா போதும்.

அதனால சுவரோரம் கால் நிறுத்துங்க. 34×44 மி.மீ. பைன், முடிச்சு இல்லாததாப் பார்த்து எடுங்க. நீளச் சட்டம் ஒன்று 190 செ.மீ., கால் நான்கு. தலைமாட்டுல ஒன்று, கால்மாட்டுல ஒன்று, நடுவுல இரண்டு, இடைவெளி 60 செ.மீ. சுமாருக்கு வரும். அந்த இரண்டுல ஒன்று ஸ்ட்ரட் பிடிக்கிற இடத்துக்கு நேர் கீழே வரட்டும். சட்டத்தைக் காலோட பக்கவாட்டுல அறையாதீங்க. அப்படி அறைஞ்சா பழையபடி ஸ்க்ரூதான் பாரம் சுமக்கும். காலோட தலை மேலேயே சட்டம் உட்காரணும், 44 மி.மீ. நிமிர்ந்து நிக்கிற மாதிரி.

உயரம் எடுக்கப் பெட்டியோட மேல்விளிம்புல ஒரு நேர்க்கட்டையை வச்சு, ரசமட்டம் பார்த்து, சுவர்ல கோடு போடுங்க. வண்டி சாய்வா நிக்குதுன்னா ரசமட்டம் ஏமாத்தும், முதல்ல வண்டியைச் சமமா நிறுத்திக்கோங்க. கோட்டுல இருந்து தரை வரை நான்கு இடத்துலயும் தனித்தனியா அளங்க, தரை எங்கேயும் ஒரே மட்டமா இருக்காது. அதுல 44 மி.மீ. கழிங்க. காலுக்கு அடியில 9 மி.மீ. ப்ளைல 100×100 துண்டு வைக்கணும், அதனால இன்னொரு 9 கழிங்க. அந்தத் துண்டை விட்டுடாதீங்க. தரையும் ப்ளை, நுரை, ப்ளைதான். கால் ஒரே புள்ளியில அழுத்தினா தோல் நுரையை விட்டுப் பிரிஞ்சு, மிதிச்சா மெத்து மெத்துன்னு ஆயிடும்.

காலும் சட்டமும் சேர்ற இடத்துல டி4 பசை (தண்ணி தாங்குற மரப்பசை), மேல இருந்து 5×80 ஸ்க்ரூ ஒன்று, 3 மி.மீ. முன்துளை போட்டு. 44 சட்டத்துக்குள்ள போக மீதி 36 மி.மீ. காலுக்குள்ள இறங்கும். ஆனா அங்கே அது வெட்டுமுகத்துல, அதாவது மர நார் முடியுற முனையில போகுது, வெட்டுமுகத்துல ஸ்க்ரூ பிடிப்பு எப்பவும் குறைவு. அதனால இரண்டு பக்கமும் சின்ன எல் பட்டை வச்சு 4×25 ஸ்க்ரூவால இறுக்குங்க.

குறுக்குச் சட்டத்துக்கு வருவோம். 20×40-ஐப் படுக்க வச்சது அடிப்படைத் தப்பு. விறைப்பு உயரத்தோட மும்மடிக்கு ஏறும். அதே கட்டையை நிமிர்த்தி வச்சாலே நான்கு மடங்கு விறைப்பு, ஒரு பைசா செலவில்லாம. விரிசல் விட்டதைத் தூக்கிப் போட்டுட்டு 34×44 நிமிர்த்திப் போடுங்க. நடுவுல கழட்டி மாட்டுற ஒரு காலும் கொடுத்தீங்கன்னா இடைவெளி பாதியாகும், தொய்வு எட்டுல ஒரு பங்காக் குறையும். சாமான் ஏத்தும்போது காலை எடுத்துக்கலாம்.

துளை போடுறதுக்கு முன்னாடி கேஸ் சிலிண்டரை மூடுங்க, 12 வோல்ட்டைத் துண்டிங்க. கட்டிலடியில தண்ணித் தொட்டி, ஒயர், கேஸ் குழாய் எல்லாம் ஓடும். டிரில் பிட்ல தேவையான ஆழத்துக்கு டேப் சுத்திக்கிட்டா கை வழுக்கினாலும் மீறிப் போகாது.


பனிக்காலம்:

மூலைமட்டம் அண்ணை சொன்னது சரி. ஸ்ட்ரட் விசயத்தை மட்டும் நான் விரிவாச் சொல்லுறன், ஏனெண்டால் உங்கட சட்டம் பிளந்தது அதாலதான்.

600 நியூட்டன் எண்டால் கிட்டத்தட்ட 61 கிலோ. இரண்டும் சேர 120 கிலோவுக்கு மேல. கட்டிலைத் தூக்கேக்க மட்டும்தான் அது வேலை செய்யுது எண்டு நினைக்க வேண்டாம். கட்டில் மூடிக் கிடக்கிற முழு நேரமும் அது தள்ளிக்கொண்டே இருக்கு. மூடினபிறகு ஸ்ட்ரட் கிட்டத்தட்டப் படுத்த நிலையில இருக்கும், அப்ப அந்த விசை சட்டத்தின்ர நீளப்பாட்டுக்குப் போகுது, அதாவது மர நாரின்ர போக்கிலயே. பிடிப்புத் தகட்டில இருந்த ஸ்க்ரூ எல்லாம் ஒரே கோட்டில வரிசையா இருந்திருக்கும், வடிவாப் பாருங்கோ. ஒரே நாரில நாலு ஸ்க்ரூ ஏறினால் அது ஆப்பு வைச்ச மாதிரித்தான். பிளக்காமல் என்ன செய்யும்?

அந்த இடத்துக்கு ஸ்க்ரூ வேண்டாம். 40×40×3 மி.மீ. அலுமினிய ஆங்கிளில 30 செ.மீ. துண்டு ஒண்டு வெட்டி, புதுச் சட்டத்தின்ர கீழ்மூலையை அணைச்ச மாதிரி வைச்சு, எம்6 (6 மி.மீ.) போல்ட்டால ஊடுருவ இறுக்குங்கோ. நாலு போல்ட் காணும். துளைகள் ஒரே கோட்டில வராமல் மேலும் கீழுமா மாறி மாறி வரட்டும். மரப்பக்கம் 25 மி.மீ. அகல வாஷர், நைலான் பூட்டு நட்டு. சட்டத்தைச் சுவரில ஒட்ட முதலே போல்ட்டைப் பூட்டிவிடுங்கோ, ஒட்டினபிறகு பின்னால கை போகாது. போல்ட் தலை சுவரில முட்டாமல் சட்டத்தின்ர பின்பக்கம் கொஞ்சம் குடைஞ்சு விட வேணும். ஸ்ட்ரட்டின்ர தகட்டை ஆங்கிளிலயே போல்ட் போட்டுப் பூட்டுங்கோ. எல்லாம் சேர அரைக் கிலோவும் வராது.

கழற்றுற முறை முக்கியம். கட்டிலை முழுசாத் தூக்கி, இரண்டு பக்கமும் தடி முண்டு குடுத்து, தடி வழுக்காமல் கட்டிப்போட்டு, பிறகுதான் ஸ்ட்ரட்டில கை வையுங்கோ. முழுசா நீண்டிருக்கேக்கதான் அதில விசை மிச்சமில்லாத மாதிரி இருக்கும். மூடின நிலையில கழற்றப் போனால் முகத்துக்கு அடிக்கும். மெத்தையை எடுத்துப்போட்டுக் கட்டிலை மூடி வைக்கவும் வேண்டாம், பாரம் இல்லாட்டித் தன்பாட்டில எழும்பும். கழற்ற முதல் கட்டில் கீலில இருந்து ஸ்ட்ரட் முனையில இருக்கிற பந்து மூட்டின் நடுவுக்கு எத்தனை மி.மீ. எண்டு எழுதி வையுங்கோ, ஒரு படமும் எடுங்கோ. ஒரு சென்ரிமீற்றர் மாறினாலும் கட்டில் மூட மறுக்கும், இல்லாட்டித் தூக்கினால் நிக்காது. மூடினால் தண்டு கீழ்ப்பக்கம் வாற மாதிரிப் பூட்டினால் உள்ளுக்கு இருக்கிற எண்ணெய் சீல் ரப்பரை ஈரமா வைச்சிருக்கும், கனகாலம் உழைக்கும்.

18 மி.மீ. ப்ளை போடுற யோசனையை விட்டுவிடுங்கோ. பேர்ச் ப்ளை எண்டால் உங்கட அளவுக்கு 31 கிலோ வரும். அந்த 31 கிலோவும் ஸ்ட்ரட் தூக்க வேண்டியது, 3500-க்குள்ள அடக்க வேண்டியது. 1997 ஜனவரி 1 அல்லது அதுக்குப் பிறகு கார் ரெஸ்ட் பாஸ் பண்ணின ஆக்களுக்கு 3500 தாண்டின டீசல் வண்டி ஓட்ட வேற அனுமதி வேணும், அதால வரம்பைக் கூட்டுறதும் லேசில்லை. எல்லாத்தையும் விட, மெத்தையின்ர அடியில காத்துப் போகாது. இரண்டு பேரின்ர உடம்புச் சூட்டு ஈரம் குளிர்ந்த பலகையில தண்ணியா நிண்டு, ஒரு குளிர்காலத்திலயே பூஞ்சணம் பிடிக்கும். மெத்தையைத் தாங்குற பழைய பீச் மரப் பட்டிகளையே வைச்சிருங்கோ. உடைஞ்ச பட்டிக்கு மட்டும் அதே அகலம், அதே தடிப்பில புதுசு வாங்கி, வளைவு மேல பாக்கிற மாதிரிப் போடுங்கோ.


கரையோரம்:

இருவருக்கும் நன்றி. தகட்டைப் பார்த்தேன், ஸ்க்ரூ நான்கும் ஒரே கோட்டில்தான் இருக்கின்றன, பிளவும் அதே கோடுதான்.

இரண்டு சந்தேகம். சுவரோரம் 65 மி.மீ. ஹீட்டர் காற்றுக்குழாய் ஓடுகிறது, மூன்றாவது கால் சரியாக அதன் மேல் வருகிறது. இன்னொன்று, ஈரமானி வைத்துப் பார்த்ததில் சுவர் முழுக்க 13, 14 சதவீதம். பின்மூலையில் தரையை ஒட்டி மட்டும் 22 காட்டுகிறது.


ஈரமானி:

22 என்பதைத் தள்ளிப்போடாதீர்கள். 15-க்குக் கீழே நிம்மதி, 15 முதல் 20 வரை கண்காணிப்பு, 20 தாண்டினால் தண்ணீர் எங்கிருந்தோ உள்ளே வருகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பின்மூலை என்றால் முதலில் பார்க்க வேண்டியது வெளிப்புற மூலைப்பட்டை, பின்விளக்கின் ரப்பர், மேலே இருக்கும் ஜன்னலின் விளிம்பு. தண்ணீர் நுழையும் இடமும் தேங்கும் இடமும் ஒன்றாக இருக்காது. கூரைப் பட்டையில் நுழைந்தது சுவருக்குள்ளேயே இறங்கி அடியில் வந்து நிற்கும்.

அந்த மூலையில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் ஒழுக்கை அடைத்துக் காயவிட்டால் போதும். பழைய பட்டையைக் கழற்றி, காய்ந்த பசையைச் சுரண்டி, புதிய பியூட்டைல் நாடா (தண்ணீர் புகாமல் அடைக்கும் ஒட்டுநாடா) வைத்து மூட வேண்டும். சிலிக்கானை மேலே பூசி மறைக்காதீர்கள். அது ஒழுக்கையும் சரியாக நிறுத்தாது, பிறகு எந்தப் பசையும் அங்கே ஒட்டாது. உள்ளே ஈரமுறிஞ்சும் இயந்திரம் வைத்து வாரக்கணக்கில் காய விடுங்கள். எண் இறங்கிக்கொண்டே வருகிறதா என்று வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். விரல் அமுங்கினால் ப்ளை உளுத்துவிட்டது, அந்தப் பகுதியை வெட்டி மாற்றாமல் கட்டில் வேலை தொடங்க வேண்டாம்.

மற்ற மூன்று காலை இப்போதே வைக்கலாம். மூலைக்காலைத் தற்காலிகமாகச் சுவரில் ஒட்டாமல், பெட்டிப் பலகைக்குக் குறுக்கே ஒரு கட்டை கொடுத்து நிறுத்துங்கள். பின்னால் காற்று போனால்தான் சுவர் காயும்.

காற்றுக்குழாயை நசுக்கவோ வெட்டவோ கூடாது. பல வண்டிகளில் ட்ரூமா காம்பி ஹீட்டர் இந்தக் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும், குழாய் நெருங்கினால் காற்று தடைபட்டு ஹீட்டர் சூடேறி நின்றுவிடும். காலை 15 செ.மீ. தள்ளி வையுங்கள். ஒரு பக்க இடைவெளி 75 செ.மீ. ஆகும், நிமிர்த்திய 44 சட்டத்துக்கு அது பெரிய தூரம் இல்லை.


மூலைமட்டம்:

ஒரு விஷயம் விட்டுப்போச்சு, சட்டத்தையும் காலையும் சுவர்ல ஒட்டுற முறை. சுவரோட உள்பக்கம் மரம் மாதிரித் தெரியுறது பெரும்பாலும் ப்ளை மேல ஒட்டின வினைல் தாள். அது மேல பசை வச்சா தாளைத்தான் பிடிக்கும், பாரம் வந்ததும் தாளோட உரிஞ்சு வரும். கால் வர்ற இடத்துலயும் சட்டம் வர்ற கோட்டுலயும் தாளைப் பிளேடால கீறி எடுத்துட்டு, 80 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துடைச்சுக் காயவிட்டு, அதுக்கப்புறம் சிக்காஃப்ளெக்ஸ் 252 (ரப்பர் மாதிரி நெளியுற பசை). பசை வழிஞ்சு வெளிய வர்ற அளவுக்கு அழுத்தாதீங்க, 2, 3 மி.மீ. கனம் உள்ளே நிக்கணும். அந்தக் கனம்தான் வண்டி குலுங்கும்போது நெளிஞ்சு கொடுக்கும். சின்ன ப்ளைத் துண்டுகளை இடையில வச்சா கனம் தானா நிக்கும்.

இந்தப் பசை காத்துல இருக்கிற ஈரத்தால விளிம்புல இருந்து உள்நோக்கி இறுகும். 34 மி.மீ. அகலக் கட்டைக்கு நடுப்பகுதி இறுக ஒரு வாரம் விடுங்க, குளிர்காலம்னா இன்னும் கூட. அதுவரை ஸ்ட்ரட்டை மாட்டாம முண்டுலயே இருக்கட்டும். மாட்டினதும் ஸ்ட்ரட் பக்கத்துக் கால்ல பென்சிலால சுவரையும் காலையும் சேர்த்து ஒரு கோடு போட்டு வைங்க. 500 கி.மீ. ஓட்டினதும் எம்6 நட்டுகளை ஒருமுறை இறுக்கும்போது அந்தக் கோட்டைப் பாருங்க. விலகியிருந்தா பசை பிடிக்கலைன்னு அர்த்தம்.