மறுமொழி: ‘டங் டை’க்குக் கலைச்சொல் – நாக்கட்டா, நாவிறுக்கமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பச்சிளங்குழந்தைகளின் ‘டங் டை’க்கு, அதாவது நாக்கின் அடியிலுள்ள சவ்வு நாக்கை அசையவிடாமல் இழுத்துப் பிடிக்கும் குறைபாட்டுக்கு, நண்பர்கள் முன்வைத்த நாக்கட்டு, நாப்பிணிப்பு, நாக்கடிவாளம் ஆகிய மூன்றையும் படித்தேன். பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வீட்டில் தமிழும் மருத்துவமனைச் சீட்டில் மலையாளமும் ஆங்கிலமுமாக வாழும் தாய்மார்களுக்குப் பாலூட்டும் முறையைச் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில், இம்மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

நாக்கட்டு சுருக்கமான சொல்தான். ஆனால் இங்கே ‘கட்டு’ என்றதும் பலருக்கு நினைவு வருவது மாந்திரீகம். வாய்க்கட்டு என்பது எதிராளியைப் பேசவிடாமல் செய்யும் மந்திரம். பிள்ளை பெற்றுப் பத்து நாளே ஆன பெண்ணிடம் இச்சொல்லைச் சொன்னால், யார் செய்த வினையோ என்ற பேச்சு அன்று மாலையே அந்த வீட்டில் தொடங்கிவிடும். நாப்பிணிப்பில் ‘பிணி’ ஒளிந்திருக்கிறது. நாக்கடிவாளம், கடிவாளத்தைக் குறிக்கும் ‘ஃபிரீனம்’ என்ற இலத்தீன் சொல்லை அப்படியே பெயர்த்தது. குதிரையை அறியாத தாய்க்கு அது எதையும் விளக்காது.

சொல்லைத் தேடுவதற்கு முன் பொருளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நாக்குக்கும் வாயின் அடித்தளத்துக்கும் இடையிலுள்ள சவ்வு எல்லோருக்கும் உண்டு, அது நோயன்று. அது குறுகியோ தடித்தோ இருந்து நாக்கின் அசைவைத் தடுக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. பால் குடிக்கும் குழந்தை நாக்கைக் கீழ் ஈறுக்கு மேலாக நீட்டி, மார்பைக் குழிவாக ஏந்தி, நாக்கின் பின்பகுதியைத் தாழ்த்தி உறிஞ்ச வேண்டும். அது இயலாதபோது ஈறுகளால் மெல்லுகிறது, காம்பு நசுங்கி வெடிக்கிறது, ‘டக் டக்’கென்று பிடி விடும் ஓசை கேட்கிறது, எடையும் ஏறுவதில்லை. ஆகவே உறுப்புக்கு ஒரு பெயர், குறைபாட்டுக்கு வேறு பெயர் என இரண்டு சொற்கள் தேவை.

உறுப்புக்கு ‘நாக்கீழ் மடிப்பு’ என்பேன். இழை, நாண் என்று சொல்லலாம் என ஒருவர் எழுதியிருந்தார். ஆனால் 2019இல் வெளிவந்த உடற்கூற்றாய்வு, அது தனியான நாண் அன்று, வாயின் அடித்தளத் திசுப்படலம் நாக்கு உயரும்போது மடிந்தெழுவது என்று காட்டியது. ‘அடிநா மடிப்பு’ ஏன் கூடாதென்றால், தமிழில் அடிநாக்கு என்பது நாக்கின் வேர்ப்பகுதி. டான்சிலுக்கு அடிநாச்சதை என்ற பெயரும் வழக்கில் இருக்கிறது.

குறைபாட்டுக்கு ‘நாவிறுக்கம்’. இறுக்கம் கூடும், குறையும், தளரும். இந்தப் படிநிலையைக் ‘கட்டு’ தராது, ஏனெனில் கட்டு என்றாலே அறுத்தாக வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. மடிப்பைச் சிறிது வெட்டிவிடும் சிகிச்சைக்கு ‘மடிப்பு நறுக்கல்’ போதும். அதனால் தாயின் காம்பு வலி சிறிது காலத்துக்குக் குறைகிறது என்றும், பால் குடிப்பது மேம்படுகிறதா என்பதில் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை என்றும் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017ஆம் ஆண்டு மீளாய்வு கூறியது. குழந்தை மார்பைப் பிடிக்கும் நிலையை முதலில் திருத்திப் பார்ப்பதே முறை.

மேலுதட்டை ஈறோடு இணைக்கும் மடிப்பு இறுகியிருப்பதாகச் சொல்லப்படும் ‘லிப் டை’க்கு உதட்டிறுக்கம் என்று இணைச்சொல் படைக்க வேண்டாம் என்பது என் கருத்து. மேலுதட்டு மடிப்பு பிறந்த குழந்தைகளில் ஈறின் விளிம்பு வரை இறங்கியிருப்பது பெரும்பாலும் இயல்பே. ‘மேலுதட்டு மடிப்பு’ என்று உறுப்பின் பெயரோடு நிறுத்திக்கொண்டால், இல்லாத நோய்க்குப் பெயர் சூட்டிய பழி நமக்கு வராது.

குழந்தை மார்பை வாயால் பற்றுவதைக் குறிக்கும் ‘லாட்ச்’ என்பதற்கு ‘முலைப்பற்று’ என்று எழுதினேன். அச்சில் வேண்டாம் என்று ஒருவர் கூச்சப்பட்டார். மலையாளத்தில் முலப்பால் அன்றாடச் சொல். தமிழகம் பாலூட்டிகள் என்னும் விலங்கினத்தை ஈழத்தமிழர் முலையூட்டிகள் என்றே எழுதுகிறார்கள். கூச்சம் தீராதவர்கள் ‘வாய்ப்பற்று’ என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் குழந்தை காம்பை மட்டுமன்றி மார்பின் கருவட்டத்தையும் சேர்த்துப் பற்ற வேண்டும் என்பதை அச்சொல் உணர்த்துமா என்று சொல்லுங்கள்.