மறு: சாஃப்ட் பிளாஸ்டிக் லூருக்கு "மென்நெகிழி ஈர்ப்பி" சரிதானா?

எல்லாருக்கும் வணக்கம். மீன்பிடி கட்டுரைக்கான சொற்பட்டியல்ல சாஃப்ட் பிளாஸ்டிக் லூருக்கு, அதாவது மீன ஏமாத்த தூண்டில்ல மாட்டுற மெத்துன்னு இருக்கிற பிளாஸ்டிக் இரைக்கு, என்ன பேர் வைக்கலாம்ங்கிற பேச்சுக்கு இது என் பதில்.

> மென்நெகிழி ஈர்ப்பி என்பதே பொருத்தம். எதனால் ஆனது, என்ன செய்கிறது, இரண்டும் சொல்லிலேயே உள்ளன.

ஐயா, கோவிச்சுக்காதீங்க, எனக்கு இது ஒட்டவே இல்ல. அமெரிக்காவுல மின்னசோட்டா, விஸ்கான்சின் பக்கம் உறைஞ்ச ஏரியில துளை போட்டு கிராப்பிங்கிற நன்னீர் மீன் பிடிக்கிறவங்க டப்பாவ ஒருதரம் பாருங்க, தீக்குச்சி மருந்து அளவுக்கு டங்ஸ்டன் குண்டு, அதுல ஒரு சின்ன தூண்டில் முள்ளு, முள்ளுல கோத்திருக்கிறது ஒரு இஞ்ச் வாக்குல ஒரு பிளாஸ்டிக் புழு, வாலு மட்டும் அவ்வளவு மெலிசா இருக்கும், மூச்சு பட்டாலே ஆடும். இதப் போயி ஈர்ப்பின்னா காந்தம்னுதான் யாரும் நினைப்பாங்க. தூண்டில் போடுற எவனுக்கும் "இரை"ங்கிற சொல் வாயிலயே இருக்கு, அத ஏன் விடணும்?

நெகிழிங்கிறதுலயும் ஒரு சிக்கல். பெரும்பாலும் இது பி.வி.சி. பிசினோட எண்ணெய் மாதிரி ஒரு இளக்கி சேர்த்து காய்ச்சி அச்சுல ஊத்துறது. இளக்கி குறைஞ்சா குளிர்ல விறைச்சு வாலு ஆடாது, அதனால "மென்" அவசியம்தான். ஆனா பி.வி.சி. இல்லாம ரப்பர் மாதிரி இழுபடுற வேற சரக்குலயும் இப்ப வருது, ரெண்டையும் ஒரே டப்பாவுல போட்டா ஒண்ணோட ஒண்ணு உருகி பிசுபிசுன்னு ஒட்டிக்கும். சரக்க வச்சு பேர் வச்சா நாளைக்கு சரக்கு மாறும்போது பேரும் மாறணும்.

> ரப்பர் புழுன்னே விட்டுடலாமே, எல்லாருக்கும் புரியுது.

அக்கா, பேச்சுல தாராளமா சொல்லலாம். நம்மூர்ல விரால் பிடிக்கிறவங்க ரப்பர் தவளைங்கிறாங்க, அத நாம தொட வேணாம். ஆனா கட்டுரையில உயிர்ப்புழுவையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பேசணும். மெழுகுப்புழு கோத்தா பொடிமீனுங்க கொறிச்சு உறிஞ்சிட்டுப் போயிடும், அந்தக் குளிர்ல கையுறைய கழட்டி மறுபடி கோக்கணும், பிளாஸ்டிக்னா அப்படியே கிடக்கும், உடனே திரும்ப இறக்கிடலாம். ஒண்ணு நிஜம், ஒண்ணு பொய். அதனால என் பரிந்துரை பொய்யிரை. பொய்க்கால் குதிரை இருக்கு, பொய்ப்பல் இருக்கு, யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்ல. லூர்னா பொதுவா பொய்யிரை, ஸ்பூன் மாதிரி வளைஞ்ச உலோக லூர்னா தகட்டுப் பொய்யிரை, நாம பேசுறது மென்பொய்யிரை, அதுல புழு வடிவத்துக்கு பொய்ப்புழு. 1949-ல ஒஹாயோ மாநிலம் ஆக்ரன்ல நிக் கிரீமும் அவர் மனைவியும் வீட்டு சமையலறையில காய்ச்சி வார்த்த பிளாஸ்டிக் இரையும் மண்புழு வடிவம்தான், அதனால புழுங்கிற சொல்லுக்கு இதுல பழைய உரிமை உண்டு.

இப்ப ஜிக் பண்றது, அதாவது தண்ணிக்குள்ள இறக்கின பொய்யிரைய மேலயும் கீழயும் ஆட்டி மீன வரவழைக்கிறது. அதுக்கு "சுண்டுதல்"னு பட்டியல்ல போட்டிருக்காங்க, இத கண்டிப்பா மாத்தணும்னு கேட்டுக்குறேன். மீன் கடிச்சதும் வெடுக்குன்னு இழுக்கிறதத்தான நம்மாளுங்க சுண்டுறதும்பாங்க. கிராப்பிக்கு அமெரிக்காவுல காகித வாயன்னே ஒரு பட்டப்பேர், வாய்ச்சவ்வு அவ்வளவு மெலிசு, சுண்டுனா கிழிஞ்சு மீன் போயிடும். அதுவும் நடுக்குளிர்காலத்துல அது தரையோட கிடக்காது, ஆழமான பகுதியில நடுத்தண்ணியில கூட்டமா தொங்கும், கண்ணு மேல் பார்த்த மாதிரி இருக்கிறதால தலைக்கு மேல தெரியிறதத்தான் ஏறி வந்து வாங்கும், கீழ போனத கண்டுக்காது. தண்ணி குளிர்ச்சியில துரத்தவும் துரத்தாது. அதனால சோனார்ல (ஒலி அனுப்பி தண்ணிக்குள்ள மீன் இருக்கிற ஆழத்தக் காட்டுற கருவி) மீன் தெரியிற ஆழத்துக்கு கொஞ்சம் மேல பொய்ப்புழுவ நிறுத்தி, கம்பு நுனி லேசா நடுங்குற அளவுக்கு மட்டும் கைய அசைக்கணும், கை நின்ன பிறகும் வாலு கொஞ்ச நேரம் துடிக்கும், கடி பெரும்பாலும் அப்பத்தான். மேல ஏறிக் கடிக்கிறதால தூண்டில் நரம்பு இழுபடாம தொய்யும், தொய்ஞ்சா மெதுவா தூக்கினா போதும். இதுக்கு நடுக்குதல்தான் பொருத்தம், "பொய்ப்புழுவ நடுக்கு"ன்னு சொன்னா படிக்கிறவன் கை தானா சரியா போகும்.

ஜிக் ஹெட்டுக்கு, அதாவது முள்ளோட சேர்ந்த அந்த குண்டுக்கு, குண்டுமுள்னு வச்சிருக்கேன், ஈயமோ டங்ஸ்டனோ ரெண்டுக்கும் செல்லும். ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கத்து நண்பர்கள் யாராவது கடல் தூண்டில்ல இதுக்கு ஏற்கெனவே வேற பேர் புழங்குதான்னு விசாரிச்சு சொல்லுங்க, இருந்தா என் சொல்ல எடுத்துட்டு அதையே போட்டுடலாம்.