நல்ல தண்ணிக் குழாய்ல உப்புத் தண்ணி வருது, எங்கிருந்து கலக்குதுன்னு தெரியல (கோவை)

வாசல்குழாய்:

வணக்கமுங்க. கோவை ஆர்.எஸ்.புரத்துக்குப் பக்கம் இருக்கோம். கீழ நாங்க, மாடியில ஒரு குடும்பம் வாடகைக்கு. நாலு நாளைக்கு ஒருக்கா சிறுவாணித் தண்ணி விடுவாங்க. மீட்டரைத் தாண்டி அந்த லைன் வாசல் குழாய்க்கும், தரைக்கடியில இருக்கிற 2,000 லிட்டர் தொட்டிக்கும், ரெண்டு வீட்டு சமையக்கட்டுக்கும் பிரிஞ்சு போகுது. போர் தண்ணி தனி. அது மொட்டைமாடி டேங்குக்கு ஏறி பாத்ரூமுக்கும் துணி துவைக்கவும் வருது.

ஒரு மாசமா ஆறு விசில் விட்டாலும் துவரம்பருப்பு வேகல. வீட்டுல பருப்பு மேல பழியப் போட்டு ரெண்டு கடை மாத்தியாச்சு. போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "ஏனுங்க, உங்க வீட்டுலயும் நல்ல தண்ணி கரிக்குதுங்களா?"ன்னு கேட்டப்பதான் உறைச்சது. தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் வாங்கி வச்சுப் பாத்தேன். தண்ணி விடுற அன்னிக்கு 70. மத்த நாள்ல சமையக்கட்டுக் குழாய்ல 600, 700, ஒரு நாள் 900. தண்ணி வராத நாள்லயும் அந்தக் குழாய்ல கொஞ்சமா வரும். லைன்ல நிக்கிற மிச்சத் தண்ணின்னு நினைச்சு அதைத்தான் சமையலுக்குப் பிடிச்சுட்டு இருந்தோம்.

மாடி வீட்டுக் குழந்தைக்கு மூணு நாளா வயித்தால போகுது. வெளிய மெயின் பைப் உடைஞ்சு கலக்குதுன்னு நினைக்கிறேன். யார்கிட்ட சொல்லணும், அதுவரைக்கும் என்ன பண்ணலாம்?

சும்மாவந்தவன்:

ஆர்.ஓ. மாட்டீருங்க. வேலை முடிஞ்சுது.

ஜிஐபைப்:

தம்பி, ஆர்.ஓ. உங்க டம்ளருக்குத்தான் காவல். பக்கத்து வீட்டு அக்காவுக்கு யாரு மாட்டுறது? முப்பது வருசமா பிளம்பிங் பண்றேன், நீங்க சொன்னதுல எனக்கு இடிக்கிறது ஒண்ணுதான். நாலு நாளைக்கு ஒருக்கா வர்ற லைன்ல மத்த மூணு நாளும் தண்ணி எப்படி நிக்கும்? அரை இஞ்ச் பைப்ல நிக்கிற மிச்சம் ரெண்டு சொம்புக்குக் காணாது. யாரோ அந்த லைனுக்குள்ள தண்ணி தள்றாங்க. அது உங்க மொட்டைமாடி டேங்காத்தான் இருக்கணும்.

நல்ல தண்ணி லைனுக்கும் உப்புத் தண்ணி லைனுக்கும் நடுவுல எப்பவாச்சும் இணைப்புக் குடுத்தீங்களா? தண்ணி வராத கோடையில "அவசரத்துக்கு இருக்கட்டும்"னு ஒரு டீ ஜாயிண்ட் (மூணு வாய் இருக்கிற பைப் இணைப்பு) போட்டு கேட் வால்வு வச்சிருப்பாங்க. கோவையில பத்து வீட்டுக்குப் போனா ரெண்டு வீட்டுல நான் பாக்கிற சமாச்சாரம்.

வாசல்குழாய்:

ஐயா, துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்குதுங்க. நாலு வருசம் முன்னாடி போட்டது. ஆனா அந்த வால்வை அப்பவே இறுக்கி மூடிட்டேன். இப்பவும் மூடித்தான் இருக்கு.

ஜிஐபைப்:

கைப்பிடி மூடியிருக்குது. உள்ள மூடியிருக்குதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? போர் தண்ணி ஓடுற கேட் வால்வுல உப்பு படிஞ்சு உள்ள இருக்கிற தட்டு உட்காராம நிக்கும். மேல எவ்வளவு திருகினாலும் கீழ கசியும்.

இன்னொண்ணு, டேங்க் எவ்வளவு உசரம்? 25 அடின்னு வச்சுக்குவோம். அதுவே முக்கால் கிலோ பிரஷர். ரோட்டு லைன் காஞ்சு கிடக்கிறப்ப அங்க பிரஷர் சைபர். தண்ணிக்கு எது சப்ளை லைன், எது வீட்டு லைன்னு தெரியாது. பிரஷர் கம்மியான பக்கம் ஓடும். உங்க மீட்டர் வழியா ரோட்டுக்குப் போய், பள்ளத்துல இருக்கிற வீட்டுக்குப் போகும். அக்கா வீடு பள்ளத்துல இருக்குதுங்களா?

சோதிச்சுப் பாக்க ஒரு வழி சொல்றேன். லைன் வராத நாள்ல, வாசல் குழாயைத் திறங்க. காத்து இழுத்தா ஒரு கதை, தண்ணி வந்தா வேற கதை. வந்தா டி.டி.எஸ். மீட்டரை வச்சுப் பாருங்க. அப்புறம் டேங்க்ல இருந்து கீழ இறங்குற வால்வை மூடிட்டு மறுபடி பாருங்க.

சோதனைக்குழாய்:

நான் தண்ணி பரிசோதனைக் கூடத்துல வேலை பாக்கிறேன் அண்ணா. ரெண்டு விசயம். டி.டி.எஸ். மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. 70 காட்டுற தண்ணியிலயும் மலக்கிருமி இருக்கலாம். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500-ல டி.டி.எஸ். 500 வரைக்கும் ஏத்துக்கலாம், வேற தண்ணியே இல்லாத இடத்துல 2,000 வரைக்கும். ஆனா ஈ.கோலைங்கிற மலக்கிருமி 100 மில்லியில ஒண்ணுகூட இருக்கக் கூடாது. உங்க 900 நாக்குக்குக் கரிக்கும், பருப்பைக் கெடுக்கும். குழந்தைக்கு வயித்தால போறதுக்கு அந்த உப்பு காரணமா இருக்காது. அதுக்கு வேற வழி திறந்திருக்கான்னு தேடுங்க. எனக்கு அந்தத் தரைத் தொட்டி மேலதான் சந்தேகம்.

அதுவரைக்கும் ரெண்டு வீட்டுலயும் குடிக்கிற தண்ணியை நல்லாக் கொதிக்க வச்சுக் குடிங்க. பல் விளக்கவும் அதேதான். குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைச்சுக் குடுத்துக்கிட்டே, டாக்டர்கிட்டயும் காட்டுங்க.

வாசல்குழாய்:

ஐயா சொன்னபடியே பண்ணினேன். நேத்து ராத்திரி பதினொரு மணி. தண்ணி விட்டு ரெண்டு நாள் ஆச்சு. வாசல் குழாய் தரையில இருந்து ஒரு அடி உசரந்தான். திறந்தா பென்சில் கனத்துக்கு நிக்காம வருது. வாளி ரொம்பி வழியுது. மீட்டர் வச்சேன், 1,340. எங்க போர் தண்ணி 1,360.

மாடிக்குப் போய் டேங்க் வால்வை மூடிட்டு இறங்கி வந்தேன். ரெண்டு நிமிசத்துல குழாய் நின்னு போச்சு. மெயின் பைப்பைக் குத்தம் சொல்லிட்டு இருந்தேன். ஒரு மாசமா எங்க வீட்டு உப்புத் தண்ணியைத்தான் அந்த அக்கா குடிச்சிருக்காங்க. அவங்க வீடு பள்ளத்துலதான்.

நின்ன குழாயை மூட மறந்து பக்கத்துலயே உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரத்துல 'உஸ்ஸு'ன்னு ஒரு சத்தம். விரலை வச்சா இழுக்குது. ஒரு டம்ளர்ல கொதிச்சு ஆறின தண்ணி எடுத்து, குழாய் வாய் முங்கற மாதிரி பிடிச்சேன். அரை டம்ளர் தண்ணி மேல ஏறிப் போயிருச்சு! இது என்னங்க?

ஜிஐபைப்:

சுத்தமான தண்ணியை வச்சீங்க, பொழச்சுது. வேற யாரும் கழுவின தண்ணி வாளியில முக்கிப் பாத்துராதீங்க, அது நேரா லைனுக்குள்ள போயிரும்.

இழுக்கிறது ரெண்டு காரணத்தால. லைன் காயிறப்ப தண்ணி பள்ளத்துக்கு இறங்கும், பின்னாடி வெற்றிடம் உண்டாகும். இல்லைன்னா அந்தத் தெருவுல யாரோ லைன்ல நேரா மோட்டார் மாட்டி உறிஞ்சுறாங்க. மோட்டார் மாட்டுறவன் தண்ணியை மட்டும் உறிஞ்சறதில்ல. பைப் ஜாயிண்ட்ல ஓட்டை இருந்தா சாக்கடையையும் சேத்துத்தான் உறிஞ்சுவான்.

இப்ப தரைத் தொட்டி மூடியைத் திறந்து, தண்ணி விழுற குழாயோட வாய் எங்க இருக்குன்னு பாருங்க.

கடல்தாண்டி:

நான் பீளமேட்டுக்காரன், இப்ப அமெரிக்காவுல. இங்க தோட்டத்துக்குச் சொட்டு பைப் போட்டதுக்கே பின்னோட்டத் தடுப்பு வால்வு மாட்டச் சொல்லி, வருசா வருசம் லைசன்ஸ் உள்ள ஆளை வச்சு டெஸ்ட் பண்ணிச் சீட்டு அனுப்பச் சொல்றாங்க. அதுக்குள்ள ரெண்டு வால்வு வரிசையா, நடுவுல ஒரு வடிகால் வால்வு. ரெண்டும் ஒழுகினாக்கூடத் தண்ணி வெளிய தரையில கொட்டுமே தவிர லைனுக்குத் திரும்பாது. நாலு டெஸ்ட் குழாய்ல கேஜ் மாட்டிப் பாப்பாங்க. முதல்ல பணம் பிடுங்கற வேலைன்னு திட்டினேன்.

அப்புறம் ஒரு கதை படிச்சேன். 1969-ல மாசசூசெட்ஸ் மாகாணம் வூஸ்டர்ல, ஹோலி கிராஸ் கல்லூரி ஃபுட்பால் டீம்ல ஏறக்குறைய 90 பேருக்கு மஞ்சக்காமாலை கிருமி தொத்திக்குச்சு. பக்கத்துல எங்கயோ தீப்பிடிச்சு, தீயணைப்புக்காரங்க தண்ணி உறிஞ்சினதுல லைன்ல பிரஷர் இறங்கியிருக்கு. மைதானத்துல தரைக்குழிக்குள்ள இருந்த குழாய் அந்தக் குழித்தண்ணியை உள்ள இழுத்துருச்சு. காமாலை இருந்த குழந்தைங்க விளையாடின இடம் அது. அந்த வருசம் ரெண்டு மேட்ச்சோட டீமையே நிறுத்திட்டாங்க. உங்க டம்ளர் பண்ணின அதே வேலைதான்.

வாசல்குழாய்:

தொட்டியைப் பாத்துட்டேங்க. மிதவை வால்வுக்குக் கீழ ரெண்டடி டியூப் சொருகியிருக்கு. ராத்திரியில தண்ணி விழுற சத்தம் தூக்கத்தைக் கெடுக்குதுன்னு அப்பா போட்டது. வாய் தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்கு. தொட்டிச் சுவத்துல பச்சையா ஈரக் கோடு. அந்தச் சுவத்துக்கு அஞ்சடி தள்ளி செப்டிக் டேங்க்.

சோதனைக்குழாய்:

இந்த ஈரக் கோட்டுக்குத்தான் நான் பயந்தேன். தொட்டிக்குள்ள கசிவு இறங்குது. லைன் காயிறப்ப அந்தத் தண்ணியை டியூப் திருப்பி உறிஞ்சுது. அடுத்த தடவை தண்ணி விட்டதும் முதல்ல வர்றது அதுதான். மாடி வீட்டுல முதல் குடத்தையே குடிக்கப் பிடிக்கிறாங்களான்னு கேளுங்க.

ஜிஐபைப்:

வேலையைச் சொல்றேன், எழுதிக்குங்க. கல்லுக்குப் பின்னாடி இருக்கிற இணைப்பை வெட்டி ரெண்டு பக்கமும் எண்ட் கேப் போட்டு டம்மி பண்ணுங்க. வால்வு மாத்தறேன், என்.ஆர்.வி. (தண்ணியை ஒரு பக்கம் மட்டும் விடுற வால்வு) போடறேன்னு எந்தப் பிளம்பராச்சும் சொன்னா விடாதீங்க. உப்புத் தண்ணிக்கும் நல்ல தண்ணிக்கும் நடுவுல பைப்பே இருக்கக் கூடாது.

டியூப்பைப் பிடுங்கிப் போடுங்க. குழாய் வாய் தொட்டியோட வழிஞ்சு போற மட்டத்துக்கு மேல நிக்கணும், பைப் குறுக்களவைப் போல ரெண்டு மடங்கு இடைவெளி, எப்படியும் ஒரு இஞ்சுக்குக் குறையக் கூடாது. அந்தக் காத்து இடைவெளியில கெட்டுப் போற ஸ்பிரிங் கிடையாது, உலகத்துலயே நம்பகமான தடுப்பு அதுதான். சத்தம் வந்தா வரட்டும்.

இதுக்கு மேல, மீட்டர் தாண்டினதும் ஒரு என்.ஆர்.வி. பித்தளையில, உள்ள கதவு ஆடுற மாதிரி இருக்கிறதைக் கேளுங்க. நம்ம லைன் பிரஷருக்கு ஸ்பிரிங் வச்சது திறக்கவே சிரமப்படும். மேல இருக்கிற அம்புக்குறி வீட்டுப் பக்கம் பாக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு வால்வு, ரெண்டுக்கும் நடுவுல சின்னதா ஒரு டெஸ்ட் டேப். ஆறு மாசத்துக்கு ஒருக்கா முன் வால்வை மூடி, மாடி சமையக்கட்டுக் குழாயைத் திறந்து வச்சுட்டு, டெஸ்ட் டேப்பைத் திறங்க. நாலு சொட்டு விழுந்து நின்னா என்.ஆர்.வி. நல்லா இருக்கு. ஒரு லிட்டர் வந்துச்சுன்னா, மாடிப் பைப்ல நின்ன தண்ணி திரும்பி வருதுன்னு அர்த்தம். கழட்டிப் பாத்தா கதவுல மணல் மாட்டியிருக்கும்.

சோதனைக்குழாய்:

தொட்டிச் சுவத்தைப் பூசினப்புறம் கழுவணும். 500 லிட்டர் மட்டும் நிரப்பி, 33 சதவீத பிளீச்சிங் பவுடர் 75 கிராம் போட்டா லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வரும். பிளாஸ்டிக் வாளியில கரைச்சு, சுண்ணாம்பு அடியில தங்கினதும் மேல தெளிஞ்சதை மட்டும் ஊத்துங்க. சுவத்துல நீளக் கம்பு பிரஷ்ல தேச்சு ராத்திரி முழுக்க விட்டு இறைச்சுருங்க. உள்ள இறங்கணும்னா பிளீச்சிங் ஊத்தறதுக்கு முன்னாடியே முடிச்சுக்குங்க, அதுவும் மூடியை ரொம்ப நேரம் திறந்து வச்சு, வெளிய ரெண்டு பேரை நிக்க வச்சுக்கிட்டு. தனியா இறங்கவே கூடாது.

அப்புறம் குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வுக்கூடத்துல பணம் கட்டி கிருமிச் சோதனை குடுங்க. பாட்டில் அவங்ககிட்டயே வாங்குங்க, வீட்டு மினரல் வாட்டர் பாட்டில் ஆகாது. ஐஸ் வச்ச பையில அன்னிக்கே கொண்டு போயிருங்க. லைன் வந்த அன்னிக்கு முதல்ல வர்ற தண்ணி ஒண்ணு, மூணு நிமிசம் விட்டுப் பிடிச்சது ஒண்ணு, ரெண்டும் தனித்தனியா.

வாசல்குழாய்:

மூணு வாரம் கழிச்சு எழுதறேன். இணைப்பை வெட்டியாச்சு, டியூப் போச்சு, என்.ஆர்.வி. மாட்டியாச்சு. வெட்டி எடுத்த கேட் வால்வைப் பிளந்து பாத்தோம். தட்டு உக்கார்ற பள்ளத்துல சுண்ணாம்பு மாதிரி கெட்டியா விரக்கடை கனத்துக்கு இறுகிக் கிடக்கு.

ரிப்போர்ட் வந்துச்சு. விட்டுப் பிடிச்ச தண்ணியில கிருமி இல்ல. முதல் தண்ணியில கோலிஃபார்ம் (மண்ணுலயும் சாக்கடையிலயும் இருக்கிற கிருமி வகை) கொஞ்சம் இருக்கு, ஈ.கோலை இல்ல. மறு சோதனைக்குக் குடுத்திருக்கேன், அதுவரைக்கும் கொதிக்க வச்சுத்தான். மாடிக் குழந்தைக்குச் சரியாயிருச்சு. அவங்க முதல் குடத்தைத்தான் குடிக்கப் பிடிச்சிருக்காங்க.

அக்கா வீட்டுக்கு மீட்டரோட போய் நடந்ததைச் சொன்னேன். தண்ணி வராத நாள்ல அவங்க குழாய் இப்ப காஞ்சு கிடக்குது. விட்ட அன்னிக்கு 75. திட்டுவாங்கன்னு பாத்தா, "எங்க தொட்டியிலயும் டியூப் போட்டிருக்குதுங்க, வந்து பாருங்க"ன்னாங்க. இந்த ஞாயித்துக்கிழமை அங்க வேலை.

அப்பாவுக்குத்தான் சத்தம் பிடிக்கல. கட்டிலை வேற ரூமுக்கு மாத்திட்டோம்.