மறு: கட்டணப் பக்கத்தில் வரும் 'கேரக்டர்' - எழுத்து போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம். உரையின் நீளத்தை எண்ணிக் காசு வாங்கும் அலகான 'கேரக்டர்' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் எழுதியது:

> மொழிபெயர்ப்புச் சேவைகளின் விலைப் பட்டியலில் வரும் 'கேரக்டர்' என்பதை 'எழுத்து' என்றே போட்டுவிடலாம். குழந்தைக்குக்கூடப் புரியும்.

குழந்தைக்குப் புரியும் என்பதில்தான் சிக்கலே. எங்களுடையது ஒரு சிறு செயலி. கடைக்காரர் தமிழில் தட்டச்சிட்டால் வேறு மொழிக்கு மாற்றும், கேட்டால் குரலாகவும் வாசிக்கும். இரண்டு வேலையையும் செய்வது வெளியார் சேவைகள். நாங்கள் காசு கொடுத்து வாங்கி, எங்கள் விலையை மேலே வைத்து விற்கிறோம். விலைப் பக்கத்தில் 'மாதம் 10,000 எழுத்து' என்று தமிழில் எழுதியவன் நான்தான்.

போன மாதம் உரக்கடைக்காரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, 'நாளை காலை வருகிறேன்' என்பதில் எத்தனை எழுத்து?" விரல் விட்டு எண்ணி, ஒன்பது என்றேன். "உங்கள் செயலி பத்தொன்பது என்கிறது. மீதிப் பத்தை யார் எழுதியது?"

மீதிப் பத்தில் இரண்டு, சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. எட்டு, காலும் கொம்பும் சுழியும் புள்ளியும். எழுத்துகளைக் கணினியில் வைப்பதற்கான பொதுக் குறியீட்டு முறையான ஒருங்குறியில் (யூனிகோட்) 'நா' என்பது நகரம் ஒன்று, துணைக்கால் ஒன்று. 'ன்' என்பது னகரம் ஒன்று, புள்ளி ஒன்று. அந்த வரியில் தனியாக நிற்பது 'வ' மட்டும். இதை அவருக்கு விளக்கக் கால் மணி நேரம் ஆனது. கடைசியில், "அப்படியானால் அதை எழுத்து என்று ஏன் எழுதினீர்கள்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

(தொல்காப்பியர் எழுத்து முப்பது என்றார். அந்தக் கணக்கில் 'க்' தனி எழுத்து. 'க' என்பது ககர மெய்யும் அகரமும் கூடியது. ஒருங்குறியில் இது அப்படியே தலைகீழ்: 'க' ஒன்று, 'க்' இரண்டு. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்ற டேஸ்16 என்னும் தமிழ்க் குறியீட்டு முறையில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் உண்டு. ஆனால் இந்தச் சேவைகள் ஒருங்குறியில்தான் பேசுகின்றன. இரண்டில் எது சிறந்தது என்ற பழைய சண்டையை இந்த இழைக்குள் இழுக்காதீர்கள், தயவுசெய்து.)

இது தமிழ் இலக்கணச் சிக்கல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 'கேரக்டர்' என்பதற்கு விற்கிறவர் சொல்வதுதான் பொருள். கூகுளின் மொழிபெயர்ப்புச் சேவையில் 10 லட்சம் கேரக்டருக்கு 20 டாலர். இடைவெளிக்கும் காசு உண்டு. ஜப்பானியரின் 'கொன்னிச்சிவா' அவர்கள் எழுத்தில் ஐந்து, கட்டணத்திலும் ஐந்து. நம் 'வணக்கம்' எழுத்தில் ஐந்து, கட்டணத்தில் ஏழு. மைக்ரோசாப்டின் குரல் சேவையோ ஒரு சீன எழுத்தை இரண்டாக எண்ணுகிறது. எங்கே நிறுத்தி எப்படி வாசிக்க வேண்டும் என்று உரையோடு சேர்த்து அனுப்பும் குரல் குறிச்சொற்களைக் கூகுளின் குரல் சேவை கணக்கில் சேர்க்கிறது, அமேசானின் குரல் சேவையான பாலி விட்டுவிடுகிறது. பேச்சைக் கேட்டு எழுதித் தரும் சேவைகளில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பெரும்பாலும் நேரத்துக்குத்தான் காசு, வினாடி எந்த மொழியிலும் வினாடிதான்.

இன்னொரு கூத்தும் உண்டு. 'கொ' என்பதைச் சில தட்டச்சுக் கருவிகள் ககரமும் 'ொ' குறியும் என இரண்டாகத் தரும். சில, கொம்பையும் காலையும் பிரித்து மூன்றாகத் தரும். திரையில் இரண்டும் ஒன்றுதான், பில்லில் வேறு. செயலி எழுதுகிறவர்கள் அனுப்பும் முன் உரையை ஒரே வடிவுக்குச் சீராக்கிவிடுவது நல்லது. நாங்கள் பட்ட பிறகே செய்தோம்.

இனி சொல்லுக்கு வருகிறேன். இலங்கை நண்பர் சொன்ன 'வரியுரு' எனக்குப் பிடித்த சொல், அங்கே பாடநூலில் பழகியதும்கூட. ஆனால் தமிழ்நாட்டில் 'எழுத்துரு' என்றால் ஃபாண்ட். 'வரியுரு' என்று போட்டால் பாதிப் பேர் அதையும் ஃபாண்ட் என்று படிப்பார்கள். 'குறியலகு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது கணினிக்குள் சேமிக்கும் அலகுக்கு வேண்டிய சொல்; ஒரே ஒரு சிரிப்புப் படம் (எமோஜி) அப்படிப்பட்ட இரண்டு அலகைப் பிடிக்கலாம். அந்த இடத்தை இப்போதே அடைக்க வேண்டாம். 'எண்ணெழுத்து' காதுக்கு இனிக்கிறது, ஆனால் எண்ணும் எழுத்தும் கலந்த கடவுச்சொல்லுக்கு அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

நான் முன்வைப்பது 'எழுத்துறுப்பு'.

காரணம் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. துணைக்கால், ஒற்றைக்கொம்பு என்று எழுத்தின் பகுதிகளுக்கு உடலுறுப்புப் பெயர்தான் வைத்திருக்கிறோம். 'நாளை என்பதில் எழுத்து இரண்டு, எழுத்துறுப்பு நான்கு' என்றால் உரக்கடைக்காரருக்குக் கால் மணி நேர விளக்கம் வேண்டியதில்லை. அவரிடமே சோதித்தேன். "கால், கொம்பெல்லாம் தனிக் கணக்கா? முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

மறுப்பு வரும் என்று தெரியும். இடைவெளி எந்த எழுத்தின் உறுப்பு? எதற்கும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுக்குமாடி வீட்டுக்குச் சதுர அடி சொல்லும்போது உள்சுவரின் கனத்தையும் சேர்த்துத்தானே விற்கிறார்கள். எது சேரும் என்று பத்திரத்தில் இருந்தால் போதும். 'அ' முழு எழுத்தாயிற்றே என்று கேட்டால், ஒற்றை உறுப்பால் ஆன எழுத்து என்பேன்.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பாதீர்கள்: கணினி நினைவகத்தின் அளவான பைட். கூகுளின் குரல் சேவை ஒரு தடவைக்கு ஏற்கும் உரையின் வரம்பு 5,000 பைட். தமிழ் எழுத்துறுப்பு ஒவ்வொன்றும் மூன்று பைட், இடைவெளி மட்டும் ஒரு பைட். 'நாளை காலை வருகிறேன்' எழுத்தில் 9, கட்டணத்தில் 19, வரம்பில் 53. ஒரே வரிக்கு மூன்று கணக்கு, மூன்றையும் 'எழுத்து' என்று எழுதினால் எல்லாரும் நம்மிடம் சண்டைக்குத்தான் வருவார்கள்.

எங்கள் பக்கத்தில் இந்த வாரம் மாற்றியிருக்கும் வரி இது: 'மாதம் 10,000 எழுத்துறுப்பு வரை. கால், கொம்பு, சுழி, புள்ளி, இடைவெளி ஒவ்வொன்றும் ஓர் எழுத்துறுப்பாக எண்ணப்படும்.' கொக்கி, விசிறி, இரட்டைக்கொம்பு எல்லாவற்றையும் அடுக்குவதா, 'முதலியன' போதுமா என்று முடிவாகவில்லை. சட்டத் தமிழ் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.